ரெண்டடித் தொட்டியில் ஏழு மீன்

ஐந்துதான் இருந்தன.

ஹஸன் கண்ணாடியில் மூக்கு முட்டும்படி குந்தியிருந்து இன்னொரு முறை எண்ணினான். கறுப்பு மொலி இரண்டு. கப்பி இரண்டு. செம்மஞ்சள் பிளட்டி ஒன்று. பாசிக்குள் விரலை விட்டுத் துழாவினான். கல்லைப் புரட்டினான். காற்றுக் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். நத்தைகூட அதன் இடத்தில் இருந்தது. மீன் மட்டும் ஐந்தேதான்.

திங்கட்கிழமை ஏழு இருந்தன. நேற்று ஆறு. இன்றைக்கு ஐந்து.

செத்திருந்தால் மிதக்க வேண்டும். துள்ளி விழுந்திருந்தால் சீமெந்துத் தரையில் எறும்பு மொய்த்துக் கிடக்க வேண்டும். பூனை கை வைத்திருந்தால் தண்ணீர் சிந்தியிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. பதின்மூன்று வருடமாகக் கடலுக்கடியில் அலங்கார மீன் பிடிக்கிறவன் அவன். பவளப் பாருக்குள் ஒளிந்திருக்கும் மீனை அதன் வால் நிழலை வைத்தே பிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனின் வீட்டு ஹோலில், ரெண்டடி நீளத் தொட்டிக்குள், இரண்டு மீன்கள் மாயமாய் மறைந்துவிட்டன.

"ஸும்ரா!"

"என்ன மச்சான்?" குரல் அடுப்படியிலிருந்து வந்தது. ஆள் வரவில்லை.

"மீன் ரெண்டக் காணல்ல."

"பாசிக்குள்ள ஒளிஞ்சிரிக்கும்."

"பாசிக்குள்ள தேடிட்டேன்."

"அப்ப கல்லுக்குள்ள இரிக்கும். சோறு போட்டிரிக்கேன், பாரை ஆணம் ஆறப் போவுது. வாங்க."

ஹஸன் எழுந்தான். மீன் காணாமல் போனதை விட இன்னொன்று அவனை உறுத்தியது. ரெண்டு மீன் காணவில்லை என்கிறான் புருஷன். அவள் வந்து ஒரு பார்வை பார்க்கவில்லை. அப்படியானால் அவளுக்கு ஏதோ தெரியும்.

சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனுடைய சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி ஆணம் ஊற்றினாள்.

அந்தத் தொட்டி நஸ்ஹாவுக்குக் கொடுத்த வாக்கு.

நஸ்ஹா அவர்களுடைய ஒரே மகள். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஆகஸ்டில், டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள். ஆறு வயது.

மூன்று வருடம் கேட்டாள் அவள். "எல்லார்ட ஊட்டுக்கும் மீன் புடிச்சிக் குடுக்குறீங்க வாப்பா. எங்கட ஊட்டுல கருவாடு மட்டும் தான் இரிக்கி." அவன் சிரிப்பான். "கடல் மீன் ஊட்டுல சீவிக்காதும்மா. சீசன் முடியட்டும். டவுன்ல இரிந்து ஊட்டு மீன் வாங்கித் தாறேன்." சீசன் எப்போது முடிந்தது? இங்கே மே மாதம் கடல் கொந்தளித்தால் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போவார்கள். அங்கே முடிகிறபோது இங்கே தொடங்கும். மீன் பிடிக்கிறவனுக்கு ஊர்தான் மாறும், சீசன் முடியாது.

அந்த நாளும் அவன் திருகோணமலைப் பக்கம் தண்ணீருக்கடியில்தான் இருந்தான். போன் கரையில் ஒரு பைக்குள் கிடந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கரையேறிப் பார்த்தால் இருபத்துமூன்று அழைப்புகள். வேன் பிடித்துத் தன் ஊரான எத்தாளைக்கு வந்து சேரும்போது இரவு இஷாத் தொழுகை முடிந்துவிட்டது. முற்றத்தில் கதிரைகள். கழுவிய தரை. கேற்றடியில் ஸும்ராவின் அண்ணன் அர்கம் நானா நின்று அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அஸரோட அடக்கிட்டம் ஹஸன்."

"நான் வாறதுக்குள்ளயா? ஆரு செல்லின?"

அர்கம் தரையைப் பார்த்தார். "நான் தான்."

அன்றைக்குக் கையை உதறியவன் இன்றுவரை அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அர்கம் பக்கத்து வளவில் சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர். வேலிக்கு மேலால் ஒரு பிடி வெங்காயத்தாளை நீட்டுவார். ஸும்ரா வாங்குவாள். ஹஸன் இருந்தால் வேலியில் தொங்கவிட்டுப் போய்விடுவார்.

மறுநாள் மையவாடிக்குப் போனான். ஈர மண். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு மீசான் கட்டைகள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த மேடு பெரிதாகத் தெரிந்தது. ஓதிவிட்டுத் திரும்பினான். உள்ளே கிடப்பது நஸ்ஹா என்று அவன் மனம் அன்றைக்கும் ஒப்பவில்லை, பிறகும் ஒப்பவில்லை. முகத்தைக் காணாதவன் எப்படி ஒப்புவான்?

ஜனவரி வந்தது. இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை அவளுக்கு ஏழு முடியும். வியாழக்கிழமை ஹஸன் கடலுக்குப் போகவில்லை. புத்தளம் பஸ்ஸில் ஏறினான்.

மீன் கடையை நடத்தியவள் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். சித்தி லெய்லா என்று பெயர். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பம். கறுப்பு அபாயாவின் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும் தம்பி?"

"தொட்டி ஒண்டு. சின்னது. மீனும்."

"முந்தி வளத்திரிக்கீங்களா?"

"இல்ல. முதல் தரம்."

"ஆருக்கு?"

"மகளுக்கு," என்றான் ஹஸன். "நாளைக்கு ஏழு வயசு முடியிது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருத்த நேரம் இருந்தது. திருத்தவில்லை.

"மாஷா அல்லாஹ். அவவுக்கு என்ன நிறம் விருப்பம்?"

"செம்மஞ்சள்."

"பெரிய தொட்டி வாங்க வாணாம், ஊட்டுல அடிக்க வருவாங்க. ஆகச் சின்னதும் வாணாம், தண்ணி கெதியாப் பழுதாகும். ரெண்டடி சரி." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "செம்மஞ்சள் எண்டதும் எல்லாரும் தங்க மீனத்தான் காட்டுவாங்க. அதத் தொட வாணாம். மாடு மாதிரித் தின்னும், மாடு மாதிரிக் கழியும். ரெண்டடிக்குள்ள மூச்சு முட்டித்தான் சாகும்."

"அந்தா, அந்த உசரமானது?"

"ஏஞ்சல். வடிவு தான். ஆனா கப்பிட வாலக் கடிச்சிக் கந்தலாக்கிப் போடும். அந்தப் பக்கம் போத்தலுக்குள்ள தனியா இரிக்கிறவர் ஃபைட்டர். அவருக்கு ஆரோடயும் ஒத்து வராது. எங்கட மூத்த மருமகன் மாதிரி."

ஹஸன் சிரித்துவிட்டான். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே யாரோ பார்த்துவிட்டதைப் போல வாயை மூடிக்கொண்டான்.

"கண்ணாடியில ஒட்டிக்கிட்டு அழுக்குத் தின்னுற மீன் ஒண்டு இரிக்கே?"

"இப்ப விரலளவு. அடுத்த நோம்புக்கு அடி நீளத்துல நிக்கும். தொட்டிய வித்துப் போட்டு அதுக்குக் குளம் வெட்டணும். எந்த ஊர் நீங்க?"

"எத்தாளை."

"கிணத்துத் தண்ணி. கேத்தலடியில வெள்ளையாப் படியுமா?"

"ஓம். கத்தியால தான் சுரண்டுற."

"அப்ப வேலை லேசு. மொலி, கப்பி, பிளட்டி. மூணுக்கும் சுண்ணாம்புத் தண்ணி தான் புடிக்கும். இந்த நீலக் கோடு போட்ட சின்ன மீனக் கேக்காதீங்க, உங்கட தண்ணியில ஒரு கிழமை நிக்காது. சின்ன இறால் வடிவா இரிக்கும், ஆனா அது பிறகு. தொட்டி பழகணும்." விரலை நீட்டினாள். "இப்ப கேளுங்க. இண்டைக்குத் தொட்டிய மட்டும் கொண்டு போங்க. தண்ணி ஊத்தி, பாசிய நட்டு, மோட்டரப் போட்டுச் சும்மா ஓட விடுங்க. ரெண்டு மூணு கிழமையில வாங்க, மொலி ரெண்டு தாறேன். அதுகள் நிண்டாப் பிறகு மத்தது."

"நாளைக்கு வேணும்."

"புள்ளைக்கிட்டச் செல்லுங்க. புள்ளையள் பொறுக்குங்கள். பெரியாக்கள் தான் பொறுக்கிறதில்ல."

"அவ மூணு வருஷம் பொறுத்துட்டா," என்றான் ஹஸன்.

அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. சித்தி லெய்லா அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு வலையை எடுத்தாள்.

"மூணு மீன் கொண்டு போங்க."

"ஏழு."

"தொட்டி தாங்காது தம்பி."

"ஏழு வயசு. ஏழு."

ஏழு மீன்களைப் பிடித்துப் பைகளில் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்: கிழமைக்கு ஒரு தரம் காவாசித் தண்ணி மட்டும் மாத்தணும், ஒரு சிட்டிகை தீன், கல்லைக் கழுவக் கூடாது. ஹஸன் தலையாட்டினான். காதில் விழவில்லை. பொய்யை எப்படித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்பதிலேயே அவன் நினைவெல்லாம் இருந்தது.

கடைசியில் ஒரு நத்தையை எடுத்துத் தனிப் பையில் போட்டாள். "இது மகளுக்கு எண்ட பரிசு. கண்ணாடியில ஏறி எறங்கும், புள்ளையளுக்கு விருப்பம். பேரென்ன அவவுக்கு?"

"நஸ்ஹா."

அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தக் கடைக்குள், பத்து மோட்டர்களின் இரைச்சலுக்கு நடுவில் சொன்னபோது, அவள் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் இருப்பதைப் போலிருந்தது. பஸ்ஸில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு எத்தாளை வரும்வரை அவளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது.

"ஆளு தான்," என்றான் நிரோசன்.

மறுநாள் கடலில், காணாமல் போன மீன்களின் கதை போய்க்கொண்டிருந்தது. நிரோசன் ஹஸனுடைய சோடி. கந்தக்குளிப் பக்கத்துக் கத்தோலிக்கன். பத்து வருடமாக இருவரும் ஒன்றாகத்தான் இறங்குகிறார்கள். சிறு வலை ஒரு கையில், மீனை விரட்டுகிற குச்சி மறு கையில், துளை போட்ட போத்தல்கள் இடுப்பில். பிடித்த மீனை அவசரத்தில் மேலே கொண்டுவந்தால் அதன் வயிறு ஊதிவிடும். ஆகவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நின்று நின்றுதான் வருவார்கள். மனிதனுக்கும் அதே சட்டம்.

"பூனை இல்லண்டு செல்றாய். எறும்பு இல்லண்டு செல்றாய். அப்ப ஆளு வந்து தான் எடுக்குது. ஊட்டுல ஆரு இரிக்கா?"

"ஸும்ரா மட்டும்."

"அவ என்ன செல்றா?"

"பாசிக்குள்ள இரிக்காம்."

நிரோசன் சிலிண்டரின் பட்டியை இழுத்துக் கட்டினான். "அப்ப அவவுக்குத் தெரியும். ஒரு நாளைக்குக் கடலுக்குப் போறண்டு செல்லிட்டு வெள்ளனத் திரும்பிப் பாரு. டீவி நாடகத்துல அப்பிடித்தானே புடிக்கிறானுகள்?"

"பகிடி விடாத."

"பகிடி இல்ல மச்சான். நீ ஒவ்வொரு நாளும் தொட்டியக் கழுவுறாய்தானே? கடைசியா எப்ப கழுவின?"

"இண்டைக்குச் சுபஹுக்குப் பிறகு. முழுசா."

"மீன எங்க வெக்கிற?"

"வாளியில."

"பேந்தென்ன, தண்ணியில பிழையில்ல. ஆளு தான்."

இருவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரையில் மீன் வைக்கிற கொட்டிலின் சட்டம் அது. ஒவ்வொரு மீனும் தனிப் போத்தலில். காலையும் மாலையும் பழைய தண்ணீரை முழுதாகக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொழும்பு லொறி வரும்வரை அப்படித்தான் மீன் உயிரோடு நிற்கும். ஹஸனின் கைக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான். வீட்டுத் தொட்டியையும் அப்படியே பார்த்தான். விடிந்ததும் ஏழையும் வலையில் கோரி, தண்ணீரைக் கொட்டி, கல்லை உப்புப் போட்டுத் தேய்த்து, பாசியை அலசி, கிணற்றிலிருந்து குளிரக் குளிர இறைத்து ஊற்றினான். பளிங்கு போல இருக்கும்.

போட்டின் ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டபோது அவனுக்கு ஒன்று நினைவு வந்தது. நேற்றுப் பின்வளவில் கை கழுவப் போனான். கிடுகு வேலியடியில், மணலில், ரப்பர் செருப்புத் தடம். பெரிய பாதம். வெங்காயத் தோட்டத்துச் செம்மண் ஒட்டிய தடம்.

அர்கம்.

ஹஸன் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் சாய்ந்தான். அன்றைக்கு ஒரு மீனும் அவன் வலையில் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து வாடைக் காற்று திடீரென்று ஏறியது. கரையிலிருந்து ஒரு மைல் போகவில்லை, போட்டைத் திருப்பிவிட்டார்கள். எட்டரை மணிக்கு ஹஸன் எத்தாளைச் சந்தியில் நின்றான். மோட்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே சாய்த்தான். முன்கதவால் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தான்.

கொய்யா மரத்தடியில் அர்கம் குனிந்து நின்றார். கையில் மம்பட்டி. அவர் வெட்டியது ஒரு சாண் குழி.

ஸும்ரா பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் கையில் தேயிலை வடி. வடிக்குள் ஒரு கப்பி, நீல வால் ஒட்டிப்போய்க் கிடந்தது. அருகே புதிதாக மூடிய இரண்டு சிறு மேடுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சோகிச் சிப்பி அழுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"ஆ!" என்றான் ஹஸன்.

ஸும்ரா திடுக்கிட்டு எழுந்தாள். வடி கையோடு வந்தது. அர்கம் நிமிர்ந்தார், மம்பட்டியை விடவில்லை.

"இதுக்கும் நீ தானா?" ஹஸன் அவரை நோக்கி நடந்தான். பெரியவருக்கு எப்போதும் போடுகிற 'நீங்க' எங்கேயோ விழுந்துவிட்டது. "எண்ட புள்ளையையும் இப்பிடித்தானே? நான் வாறதுக்குள்ள மண்ணப் போட்டு மூடிட்டுக் கேற்றடியில வந்து கையப் புடிச்சாய். மீனையுமா? ஒரு மீனக் கூட நான் பாக்கக் கூடாதா? என்ன பகை உனக்கு என்னோட?"

மம்பட்டியைப் பறித்தான். அர்கம் விட்டுவிட்டார். ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை.

"அடிக்கணும் எண்டா அடிங்க ஹஸன்," என்றார். "அதோட முடியும் எண்டா அடிங்க."

"செல்லு! ஆரக் கேட்டு எடுத்தாய் எண்ட புள்ளய?"

"நானாவ உடுங்க."

ஸும்ராவின் குரல். அடுப்படியிலிருந்து வருகிற குரல் இல்லை அது.

"நானா எடுக்கச் செல்லல்ல. நான் தான் செல்லினேன்."

மம்பட்டி ஹஸனின் கையில் அந்தரத்தில் நின்றது.

"ஸும்ரா, வாணாம்," என்றார் அர்கம்.

"போதும் நானா. அஞ்சு மாசம் நீங்க சுமந்தது போதும்." அவள் வடியை மார்போடு பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சொட்டி அவள் சட்டை நனைந்தது. "மூணாம் நாள் காச்சல் விட்டிச்சி மச்சான். எழும்பி இரிந்தா. சீனி தொட்டுக்கிட்டுப் பாண் தின்டா. விட்டிச்சிண்டு தான் நானும் நினைச்சேன். ஒங்களுக்குப் போன்ல செல்லினேனே, சொகமாயிட்டுண்டு. அதுக்குப் பிறகு தான் எல்லாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஒரு ராவு. மொகம் வீங்கிச்சி. கண்ணு ரெண்டும் மூடிட்டுது. மூக்கால ரெத்தம், பல் முரசால ரெத்தம். மௌத்தாகியும் நிக்கல்ல. நான் தான் குளிப்பாட்டின. பஞ்சு வெச்சா பஞ்சு செவக்கிது. மாத்தி வெச்சா அதுவும் செவக்கிது. கபன் துணி உடுத்தினாப் பிறகும் ஊறி வந்திச்சி மச்சான். அது எங்கட புள்ளட மொகமா இரிக்கல்ல."

ஹஸன் நின்றான். காற்றில் கொய்யா இலைகள் உரசின.

"நீங்க கடைசியாக் கண்ட மொகம், பஸ் ஹோல்ட்டுல நிண்டு கை காட்டின மொகம். அது ஒங்களுக்கிட்ட இரிக்கட்டும் எண்டு நினைச்சேன். வாப்பா வரட்டுமா எண்டு நானா கேட்டாரு. ரெண்டு தரம் கேட்டாரு. பாத்துக்கிட்டு இரிக்க வாணாம், எடுங்க எண்டேன். ஆரு கேட்டாலும் நான் செல்லினேண்டு செல்லாதீங்க எண்டும் செல்லினேன்." வடியைப் பார்த்தாள். "இதுகளும் அப்பிடித்தான். வாயப் பொளந்துக்கிட்டு, கண்ணு பிதுங்கி. நீங்க வந்து முதல் வேலையாத் தொட்டியத்தானே பாக்குறீங்க. அந்தக் கோலத்துல பாக்க வாணாண்டு தான்."

பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஹஸன் மம்பட்டியை மெதுவாக மரத்தில் சாய்த்தான். அவன் கேட்டது இதுதான்:

"என்னக் கேட்டாளா?"

ஸும்ரா குனிந்து வடியை மணலில் வைத்தாள்.

"செல்லு."

"கேட்டா."

"என்ன எண்டு?"

"வாப்பா இப்ப தண்ணிக்குள்ளயா இரிக்கிறாங்க எண்டு கேட்டா. ஓம் எண்டேன்." அவள் குரல் இறங்கியது. "அப்ப கூப்புட வாணாம் உம்மா, கேக்காது எண்டா."

ஹஸன் மணலில் உட்கார்ந்துவிட்டான். அர்கம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலியைத் தாண்டிப் போனார். கப்பியை அன்றைக்கு யார் புதைத்தார்கள் என்று இருவருக்கும் பிறகு நினைவில்லை.

மறுநாள் சித்தி லெய்லாவின் கடைக்குப் போனான்.

"வாங்க தம்பி! மகளுக்கு நத்தை புடிச்சிதா?"

"மூணு மீன் செத்துட்டு," என்றான்.

"தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துறீங்க?"

"ஒவ்வொரு நாளும். முழுசா. கல்லையும் தேச்சிக் கழுவித்தான் ஊத்துற. கடல் மீனுக்கு நாங்க அப்பிடித்தான்."

சித்தி லெய்லா நெற்றியில் கை வைத்தாள். "யா அல்லாஹ்! நான் செல்லினேனே! புடிச்சி வாளியில போட்டு, புதுத் தண்ணியில போட்டு, அடுத்த நாள் திரும்பப் புடிச்சி... அதுகளுக்கு ஒவ்வொரு நாளும் தொண்ணூறாம் ஆண்டு தான் தம்பி. நான் ஆறு வயசுல ஒருக்கா எழும்பி வந்தேன், இன்னும் ஊர் பழகல்ல. அதுகளுக்கு நாளுக்கொருக்காவா?" மூச்சு விட்டாள். "தண்ணியும் கல்லும் அழுக்காகிப் பழகினாத்தான் மீன் சீவிக்கும். நீங்க பாக்கப் பாக்கக் கழுவிட்டீங்க. பாவம், பாசத்துல தான் கழுவியிரிக்கீங்க. நான் செல்லினேண்டு மகள்கிட்டச் செல்லுங்க, வாப்பாவத் தொட்டிக்குள்ள கை வெக்க உட வாணாண்டு."

"மகள் மௌத்து," என்றான் ஹஸன்.

மோட்டர்கள் இரைந்தன.

"அஞ்சு மாசம். அண்டைக்கே மௌத்து தான். நான் பொய் செல்லினேன் ராத்தா. மன்னிச்சிக்கங்க."

சித்தி லெய்லா கதிரையை இழுத்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் இருக்கவில்லை. அவள் ஒரு தாளில் தீன் கொஞ்சம் மடித்து அவன் கையில் வைத்தாள்.

"மிச்சம் நாலும் நிக்குமா?" என்று கேட்டான்.

"அடிபட்ட மீன் தம்பி. நிக்குமெண்டு நான் பொய் செல்லமாட்டேன். கை வெக்காதீங்க. தண்ணி கலங்கும், பொறுங்க. ஒண்டு ரெண்டு போகும், பொறுங்க."

ஹஸன் பொறுத்தான். விடிந்ததும் கை தானாக வாளியைத் தேடியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றான். தண்ணீர் பால்போலக் கலங்கியது. கப்பி மேல்மட்டத்தில் நின்று வாயசைத்தது. மொலிகள் கல்லோடு ஒண்டின. செம்மஞ்சள் பிளட்டி, நஸ்ஹாவின் நிறம் என்று அவன் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது, பாசியில் சாய்ந்து ஒரு பக்கமாக மூச்சுவிட்டது.

நாலாம் நாள் அவன் கடலுக்குப் போயிருந்தபோது போட்டின் எஞ்சின் நின்றுவிட்டது. இன்னொரு போட்டு வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மதியம் லுஹருக்கு வீடு வருகிறவன் அஸரும் கழிந்த பிறகு உப்புக் காய்ந்த உடம்போடு கேற்றைத் திறந்தான்.

முன் வாசலில் அர்கம் நின்றார். உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை. மம்பட்டி சுவரில் சாய்ந்திருந்தது.

ஹஸன் அவரைப் பார்த்தான்.

"ஏன் மச்சான் வெளிய நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க."

அர்கம் செருப்பைக் கழற்றினார். கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஹோலில் தொட்டிக்குப் பக்கத்தில் ஸும்ரா கதிரையில் இருந்தாள். தலை முட்டாக்கு நழுவவில்லை. காலையில் உடுத்திய உடுப்பு மாறவில்லை. அவள் மடியில் ஒரு தேத்தண்ணிப் பீரிசுத் தட்டு. பீரிசின் மேல் கைலேஞ்சி அளவு வெள்ளைத் துணி. அறைக்குள் லேசாக வாடை அடித்தது.

தொட்டிக்குள் இரண்டு மொலியும் ஒரு கப்பியும் நின்றன. நத்தை கண்ணாடியில் பாதி ஏறியிருந்தது.

"காலையில எட்டு மணிக்கு," என்றாள் ஸும்ரா. "நீங்க போய்க் கொஞ்ச நேரத்துல. லுஹருக்கு வந்துருவீங்கண்டு நினைச்சேன்."

"எஞ்சின் நிண்டுட்டு."

"நானா மூணு தரம் வந்து கேட்டாரு. நாறப் போவுது, எடுப்பமாண்டு." அவள் பீரிசை இரண்டு கையாலும் ஏந்தி அவனிடம் நீட்டினாள். "வாணாண்டேன். வாப்பா வரட்டும் எண்டேன்."

ஹஸன் கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் முழந்தாளிட்டான். துணியின் ஓரத்தைப் பிடித்தான். நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். அவள் அவசரப்படுத்தவில்லை.

விலக்கினான்.

வயிறு வீங்கியிருந்தது. கண் வெளுத்துப் பிதுங்கியிருந்தது. செம்மஞ்சள் போய்விட்டது.

அவன் முகத்தைத் திருப்பவில்லை. பார்த்தான். பிறகு, ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்று மேலே வந்தது. மீனைப் பார்த்தபடியே, மகளின் பெயரைச் சொல்லி, அந்த வீடு முழுக்கக் கேட்கும்படி ஹஸன் கூப்பிட்டான்.